சாம் மானேக்‌ஷா: சித்தாங் பாலம் முதல் குன்னூர் வரை

சாம் மானேக்‌ஷா (ஏப்ரல் 3, 1914 – ஜூன் 27, 2008) இந்திய இராணுவத்தின் தலைமைத் தளபதியாக 1969 முதல் 1973 வரை பணியாற்றியவர். இந்தியாவில் பீல்டு மார்ஷல் என்னும் ஐந்து நட்சத்திரப் பதவியை முதன்முதலில் பெற்றவரும் இவரே. இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் குண்டடிபட்டு உயிர் பிழைத்த இளம் அதிகாரியாகவும், 1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரை நடத்திய தளபதியாகவும் இரு போர்களின் வரலாற்றில் இவர் பெயர் இடம்பெற்றுள்ளது. இவ்விரு போர்களுக்கும் இடையே, நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் பணியாற்றிய காலத்தில், இவருடைய இராணுவ வாழ்க்கை முடிந்துபோகும் நிலைக்கு வந்தது. அதே வெலிங்டனுக்கு அடுத்த ஊரான குன்னூரைத்தான் ஓய்வுக்குப் பின் வாழ்வதற்குத் தேர்ந்தெடுத்தார்.

மானேக்‌ஷாவைப் பற்றி எழுதுபவருக்கு ஒரு சங்கடம் உண்டு. அவரைப் பற்றிய செய்திகளைவிட அவரைப் பற்றிய கதைகளே அதிகம். அவற்றில் பல அவரே மேடைகளில் சொன்னவை. அவர் தேர்ந்த கதைசொல்லி. கேட்பவர்களைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவர். ஆகவே பதிவேடுகளில் உள்ளதையும் கதையாக வழங்குவதையும் இயன்றவரை பிரித்தே இங்கே தந்திருக்கிறேன்.

பிறப்பும் கல்வியும்

சாம் ஹோர்முஸ்ஜி பிராம்ஜி ஜாம்ஷெட்ஜி மானேக்‌ஷா என்பது முழுப் பெயர். குஜராத்தின் வல்சாடு பகுதியிலிருந்து பஞ்சாபின் அமிர்தசரசுக்குக் குடிபெயர்ந்த பார்சிக் குடும்பம். தந்தை ஹோர்முஸ்ஜி ஒரு மருத்துவர். முதல் உலகப் போரில் இந்திய மருத்துவப் பணியில் கேப்டனாக இருந்தவர். ஆறு பிள்ளைகளில் சாம் ஐந்தாமவர். நைனிதாலின் ஷெர்வுட் கல்லூரிப் பள்ளியிலும், பின்னர் அமிர்தசரஸ் இந்து சபா கல்லூரியிலும் படித்தார்.

தந்தையைப் போல மருத்துவராக வேண்டும், அதற்கு இலண்டன் செல்ல வேண்டும் என்பது இவருடைய ஆசை. வயது போதாது என்று சொல்லித் தந்தை அனுப்ப மறுத்தார். அந்தக் கோபத்தில் மகன் எழுதியதுதான் இராணுவக் கல்லூரியின் நுழைவுத் தேர்வு.

தேராதூனின் முதல் அணி

இந்தியர்கள் இராணுவ அதிகாரிகளாக வேண்டுமானால் அதுவரை இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்டுக்குச் செல்ல வேண்டியிருந்தது. 1932இல் தேராதூனில் இந்திய இராணுவக் கழகம் தொடங்கப்பட்டபோது முதல் அணியில் 40 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 15 பேர் பொதுத் தேர்வின் வழியே தெரிவானவர்கள். அந்தப் பட்டியலில் மானேக்‌ஷா ஆறாம் இடம் பெற்றார்.

இந்த முதல் அணியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். மானேக்‌ஷாவுடன் படித்தவர்களுள் ஒருவர் ஸ்மித் டன். பர்மா விடுதலை பெற்றதும் அந்நாட்டு இராணுவத்தின் தளபதியானார். இன்னொருவர் முகம்மது மூசா. 1965ஆம் ஆண்டுப் போரின்போது பாகிஸ்தான் இராணுவத்தின் தலைமைத் தளபதி. ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்ட மூவர், பின்னாளில் மூன்று நாடுகளின் இராணுவங்களுக்குத் தலைமை தாங்கினார்கள். வகுப்பறையில் காலம் கழித்த என் போன்றவர்களுக்கு இது சாதாரணச் செய்தியாகத் தோன்றுவதில்லை.

1934இல் அதிகாரியாகப் பணியேற்ற மானேக்‌ஷா, அக்கால வழக்கப்படி முதலில் லாகூரில் ஒரு பிரித்தானியப் படைப்பிரிவில் பயிற்சி பெற்றார். பின் 12ஆவது எல்லைப்புறப் படைப்பிரிவின் நான்காம் பட்டாலியனுக்குச் சென்றார். 1939 ஏப்ரலில் சில்லூ போடேயை மணந்தார். இவர்களுக்கு இரண்டு பெண்கள்.

சித்தாங் பாலம், 1942

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியது. அந்த மாதக் கடைசியில் இரங்கூன் மீது குண்டுகள் விழத் தொடங்கின. பர்மாவில் வாழ்ந்த தமிழர்கள் உள்ளிட்ட இலட்சக்கணக்கான இந்தியர்கள் மூட்டை முடிச்சுகளோடு காட்டு வழியாகவும் மலை வழியாகவும் இந்தியாவை நோக்கி நடக்கத் தொடங்கிய காலம் அது. எழுத்தாளர் வெ. சாமிநாத சர்மாவும் அப்படி வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் "பர்மாவிலிருந்து நடந்து வந்த" ஒரு தாத்தாவைப் பற்றிப் பேச்சு வரும். அந்த மக்கள் மேற்கே நடந்துகொண்டிருந்தபோது, இரங்கூனுக்குக் கிழக்கே ஜப்பானியரைத் தடுக்க நிறுத்தப்பட்டது 17ஆவது இந்திய டிவிஷன். மானேக்‌ஷாவின் பட்டாலியன் அதில் இருந்தது.

சித்தாங் ஆற்றின் குறுக்கே ஒரே ஓர் இரயில் பாலம். டிவிஷன் பின்வாங்கி மேற்குக் கரை சேர அதை விட்டால் வழியில்லை. ஜப்பானியர் இரங்கூனை அடையவும் அதுவே வழி. பாலத்தின் கிழக்கு முனையை ஒட்டி உயர்ந்து நின்றது பகோடா குன்று. அதைப் பிடித்தவர் கையில் பாலம். 1942 பிப்ரவரி 22 அன்று அந்தக் குன்றின் மீது எதிர்த்தாக்குதல் நடத்திய கம்பெனிக்கு மானேக்‌ஷா தலைமை தாங்கினார். ஆட்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரை இழந்தும் கம்பெனி குன்றைக் கைப்பற்றியது. அந்த நேரத்தில் ஓர் இயந்திரத் துப்பாக்கியின் குண்டுகள் மானேக்‌ஷாவின் வயிற்றில் பாய்ந்தன.

தாக்குதலைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த அதிகாரி டேவிட் கோவன், இந்த இளைஞர் பிழைக்க மாட்டார் என்று எண்ணித் தம் சட்டையில் இருந்த இராணுவச் சிலுவைப் பதக்கத்தின் நாடாவைக் கழற்றி அவருக்குக் குத்தினார். அந்தப் பதக்கம் இறந்தவர்களுக்கு வழங்கப்படுவதில்லை என்பதே அவசரத்துக்குக் காரணம். பதக்கம் 1942 ஏப்ரலில் முறையாக அறிவிக்கப்பட்டது.

மானேக்‌ஷாவைச் சுமந்து சென்று மருத்துவரிடம் சேர்த்தவர் அவருடைய சீக்கிய ஆர்டர்லி. உடலில் ஏழு குண்டுகள். இனி பயனில்லை என்று மருத்துவர் ஒதுக்கப் பார்த்தார் என்றும், என்ன நடந்தது என்று அவர் கேட்டதற்கு, "கழுதை உதைத்துவிட்டது" என்னும் பொருளில் மானேக்‌ஷா பதில் சொன்னார் என்றும், இந்த நிலையிலும் சிரிக்கத் தெரிந்தவனைக் காப்பாற்றலாம் என்று மருத்துவர் கத்தியை எடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு. மானேக்‌ஷா பெயரைச் சொன்னால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுவே. எனக்கு அந்தக் கதையைவிட அந்த ஆர்டர்லியின் செயலே பெரிதாகப் படுகிறது. அவர் தூக்கிச் சென்றிராவிட்டால் பதிலும் இல்லை, பதக்கமும் வெறும் நாடாதான்.

மறுநாள் விடியற்காலை பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. டிவிஷனின் பெரும்பகுதி அப்போதும் கிழக்குக் கரையில்தான் இருந்தது. துப்பாக்கிகளையும் வண்டிகளையும் விட்டுவிட்டு, மூங்கில் கட்டியும் நீந்தியும் ஆற்றைக் கடக்க முயன்றவர்களில் பலர் மூழ்கினர். இரண்டு வாரத்தில், மார்ச் 8 அன்று, ஜப்பானியர் இரங்கூனுக்குள் நுழைந்தார்கள். ஆக மானேக்‌ஷா கைப்பற்றிய குன்று போரின் போக்கை மாற்றவில்லை. அவர் வீரத்துக்குப் பதக்கம் பெற்ற சண்டை, மொத்தத்தில் ஒரு தோல்வியின் ஒரு பகுதி. தயாரிப்பு இல்லாமல் களத்தில் இறக்கப்பட்ட படை என்ன ஆகும் என்பதை அவர் தம் உடம்பிலேயே கற்றுக்கொண்டார். 1971 ஏப்ரலில் அவர் எடுத்த நிலையைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

உடல் தேறியபின் குவெட்டா பணியாளர் கல்லூரியில் 1943இல் படித்தார். மீண்டும் பர்மாவுக்குச் சென்று, ஜெனரல் ஸ்லிம்மின் 14ஆவது இராணுவத்தில் பணியாற்றினார்.

பிரிவினையும் அதன் பின்னும்

1947இல் நாட்டோடு இராணுவமும் பிரிந்தது. மானேக்‌ஷாவின் எல்லைப்புறப் படைப்பிரிவு பாகிஸ்தானின் பங்காயிற்று. அவர் இந்தியாவிலேயே இருந்து கூர்க்காப் படைப்பிரிவுக்கு மாற்றப்பட்டார். "சாம் பகதூர்" என்ற செல்லப்பெயர் கூர்க்கா வீரர்கள் வைத்தது. தில்லியில் இராணுவ நடவடிக்கைகள் இயக்ககத்தில் இருந்தபோது, 1947 அக்டோபரில் காஷ்மீர் இணைப்பு தொடர்பாக வி. பி. மேனனுடன் ஸ்ரீநகர் சென்றார்.

அதே இயக்ககத்தில் பிரிவினைக்கு முன் இவருடன் வேலை பார்த்தவர் யாகியா கான். இவருடைய மோட்டார் சைக்கிளை ஆயிரம் ரூபாய்க்கு விலை பேசி எடுத்துக்கொண்டு பாகிஸ்தான் போன யாகியா, பணத்தை அனுப்பவேயில்லையாம். 1971இல் பாகிஸ்தான் குடியரசுத் தலைவராக இருந்தவர் அதே யாகியா கான். வண்டிக்கு விலையாகப் பாதி நாட்டைக் கொடுத்துவிட்டார் என்று மானேக்‌ஷா பிற்பாடு வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

வெலிங்டன், 1959–1962

குன்னூரை அடுத்த ஜெகதளா பகுதியில் 1850களில் ஆங்கிலேயர் கட்டிய படைக் குடியிருப்புதான் வெலிங்டன். பெயர் வெலிங்டன் கோமகனை நினைத்து வைத்தது. திப்பு சுல்தானுக்கு எதிரான 1799 சீரங்கப்பட்டினப் போரில் பங்கேற்று, பின்னர் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர் அவர். பிரிவினையில் குவெட்டா கல்லூரி பாகிஸ்தானோடு போனதால், இந்தியா தன் பங்குக்கு வெலிங்டனில் பணியாளர் கல்லூரியைத் தொடங்கியது. மெட்ராஸ் படைப்பிரிவின் பயிற்சி மையமும் இங்கேதான் உள்ளது. தரைப்படை, கடற்படை, விமானப்படை அதிகாரிகள் மூவரும் சேர்ந்து படிக்கும் அந்தக் கல்லூரிக்கு 1959இல் மானேக்‌ஷா தலைவராக வந்தார்.

அது இராணுவத்துக்கும் அரசுக்கும் இடையே உரசல் மிகுந்த காலம். பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருஷ்ண மேனனுக்கும் தலைமைத் தளபதி திம்மையாவுக்கும் ஒத்துப்போகவில்லை. 1959இல் திம்மையா பதவி விலகல் கடிதம் கொடுத்துப் பின் திரும்பப் பெற்றார். பதவி உயர்வுகளில் அமைச்சருக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு பரவியது. பி. எம். கௌல் விரைவாக மேலே வந்தது இந்தக் காலத்தில்தான். மானேக்‌ஷா ஜம்முவில் டிவிஷன் தளபதியாக இருந்தபோதே, திம்மையாவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அமைச்சர் கேட்டதற்கு, தலைவரைப் பற்றி நினைப்பது என் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார் என்பது அவர் கூறிய செய்தி. அவருக்குக் கீழே இருப்பவர்களிடம் நாளை என்னைப் பற்றிக் கேட்பீர்கள், இராணுவத்தின் ஒழுங்கு கெடும் என்றும் எச்சரித்தாராம்.

வெலிங்டனில் அவர் நாக்கு அடங்கவில்லை. அரசியல் தலையீட்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். 1961இல் அவர் மீது விசாரணை வந்தது. தேசப்பற்று அற்றவர், ஆங்கிலேயப் பற்று உடையவர் என்பவை குற்றச்சாட்டுகளின் சாரம். இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயரின் படங்களை மாட்டி வைத்தார் என்பதும் அவற்றுள் ஒன்று. ஏழு குண்டு வாங்கிய உடம்பைப் பார்த்து நாட்டுப்பற்றைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்று இன்று படிக்கும்போது ஆத்திரம் வருவது இயல்பு. ஆனால் விடுதலை பெற்றுப் பதினான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அண்டை நாடுகளில் தளபதிகள் ஆட்சியைப் பிடித்திருந்தார்கள். பேச்சு நீளமான ஒரு தளபதியைப் பார்த்து அரசியல்வாதிகள் அஞ்சியதை முற்றிலும் காரணமற்றது என்று தள்ளிவிட முடியாது.

லெப்டினன்ட் ஜெனரல் தவுலத் சிங் தலைமையில் நடந்த விசாரணையில் குற்றச்சாட்டுகள் நிலைக்கவில்லை. மானேக்‌ஷா விடுவிக்கப்பட்டார். இருந்தாலும் மேலே போகும் வழி அடைபட்டுவிட்டது என்றே பலரும் கருதினர்.

வழியைத் திறந்துவிட்டது சீனாவுடனான 1962ஆம் ஆண்டுப் போர். வடகிழக்கில் நான்காம் கோருக்குத் தலைமை தாங்கிய கௌல் தோல்வியுற்றார். கிருஷ்ண மேனன் பதவி இழந்தார். கலைந்து கிடந்த அதே நான்காம் கோரைச் சீரமைக்க, அந்த ஆண்டு இறுதியில் வெலிங்டனிலிருந்து மானேக்‌ஷாவை அழைத்தார்கள். எழுத்து மூலமான ஆணை இல்லாமல் இனி ஒருவரும் பின்வாங்கக் கூடாது, அப்படி ஓர் ஆணை வரவே வராது என்பது தேஜ்பூரில் அவர் சொன்ன முதல் வார்த்தை.

அதன்பின் மேற்குக் கட்டளையகம், 1964 முதல் கிழக்குக் கட்டளையகம் என்று பொறுப்புகள் வந்தன. 1967இல் நாது லா கணவாயில் சீனருடன் மோதல் நடந்தபோது கிழக்கில் இருந்தவர் இவர்தான். 1969 ஜூனில் தலைமைத் தளபதியானார். இவருக்கு முன் அப்பதவியில் இருந்தவர் நம் கொங்கு நாட்டுக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த ஜெனரல் பி. பி. குமாரமங்கலம்.

1971

1971 மார்ச் இறுதியில் கிழக்குப் பாகிஸ்தானில் பாகிஸ்தான் இராணுவம் ஒடுக்குமுறையைத் தொடங்கியது. இந்தியாவுக்குள் அகதிகள் வந்தபடி இருந்தனர். ஆண்டு இறுதிக்குள் அவர்கள் எண்ணிக்கை ஒரு கோடியை நெருங்கியது.

ஏப்ரல் இறுதியில் நடந்த அமைச்சரவைக் கூட்டத்தில், உடனே படையை அனுப்ப வேண்டும் என்று பிரதமர் இந்திரா காந்தி கேட்டார் என்றும், மானேக்‌ஷா மறுத்தார் என்றும், வேண்டுமானால் பதவி விலகுகிறேன் என்றார் என்றும் அவர் பலமுறை கூறியுள்ளார். அவர் சொன்ன காரணங்கள் வரைபடத்தைப் பார்த்தாலே விளங்கும். மழைக்காலம் தொடங்கினால் பத்மா, மேக்னா, யமுனை ஆறுகள் கடல்போல் விரியும். டாங்கிகள் சேற்றில் மாட்டும். இமயக் கணவாய்கள் திறந்திருக்கும் கோடையில் சீனா தலையிடலாம் என்பதால் வடக்கு எல்லைப் படையை எடுக்க முடியாது. பனி விழுந்து கணவாய்கள் மூடியபின் எடுக்கலாம். அறுவடைக் காலத்தில் இரயில் பெட்டிகளைப் படைக்குக் கேட்டால் தானியம் தேங்கும். டாங்கிகளில் ஓடும் நிலையில் இருந்தவை மிகச் சில. அவகாசம் தந்தால் வெற்றி உறுதி என்றார்.

பிற்கால வரலாற்றாய்வாளர் சிலர் இந்தக் கதையை அப்படியே ஏற்பதில்லை. ஏப்ரலில் உடனடிப் போர் என்ற எண்ணம் அரசிடமே உறுதியாக இருந்ததில்லை என்பது அவர்கள் வாதம். ஒரு தளபதி தனியாக நின்று பிரதமரைத் தடுத்தார் என்பதைவிட, இருவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்பது பொருத்தமாக இருக்கலாம். எப்படியாயினும், கிடைத்த ஏழு மாதங்களை மானேக்‌ஷா வீணாக்கவில்லை என்பதில் இரண்டு கருத்து இல்லை. சாலைகள், கிடங்குகள், பாலம் கட்டும் பொருள்கள், வங்காள விடுதலைப் படையினருக்குப் பயிற்சி என்று எல்லாம் அந்த மாதங்களில்தான் நடந்தன. ஆகஸ்டில் சோவியத் ஒன்றியத்துடன் உடன்படிக்கையும் கையெழுத்தானது.

டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமானத்தளங்களைத் தாக்கின. டிசம்பர் 16 மாலை டாக்காவில் ஜெனரல் நியாசி, கிழக்குக் கட்டளையகத் தளபதி ஜக்ஜித் சிங் அரோராவிடம் சரணடைந்தார். பதின்மூன்றே நாள். ஏறத்தாழ 93,000 பேர் சிறைபிடிக்கப்பட்டனர்.

போர்த் திட்டத்தின் பெருமை யாருக்கு என்பதிலும் சர்ச்சை உண்டு. தலைமையகத்தின் திட்டத்தில் சிட்டகாங், குல்னா துறைமுகங்களே முதன்மை இலக்குகளாக இருந்தன, டாக்கா இல்லை என்று கிழக்குக் கட்டளையகத்தில் இருந்த ஜெனரல் ஜேக்கப் பின்னர் எழுதினார். ஆனால் வெற்றிக்கான ஆயத்தமும், சரணடைந்தால் கண்ணியமாக நடத்தப்படுவீர்கள் என்று பாகிஸ்தான் வீரர்களுக்கு வானொலி வழியே விடுத்த வேண்டுகோளும் மானேக்‌ஷாவுடையவை. சரணடைவு ஏற்கும் விழாவுக்கு அவர் டாக்கா செல்லவில்லை. களத்தில் நின்ற அரோரா அதை ஏற்பதே முறை என்று இருந்துவிட்டார். புகைப்படத்தில் அவர் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

பட்டமும் சம்பளமும்

1972இல் பத்ம விபூஷண் விருதும், 1973 ஜனவரியில் பீல்டு மார்ஷல் பதவியும் வந்தன. குடியரசுத் தலைவர் வி. வி. கிரி பதவிக்கோலை வழங்கினார். அதே மாதம் 15ஆம் தேதி தலைமைத் தளபதிப் பொறுப்பிலிருந்து விலகினார்.

1947இல் பாகிஸ்தானைத் தேர்ந்தெடுத்திருந்தால் 1971இல் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு பேட்டியில் கேட்டபோது, பாகிஸ்தான் வென்றிருக்கும் என்று விளையாட்டாகச் சொன்னார். பெரும் கண்டனம் எழுந்தது. இந்த ஒரு பதிலின் விலை அதிகம்.

பீல்டு மார்ஷலுக்கு ஓய்வு என்பது கிடையாது. இறுதிவரை பணியில் இருப்பவராகவே கணக்கு. ஆனால் அதற்குரிய முழுச் சம்பளம் அவருக்கு 34 ஆண்டுகள் தரப்படவில்லை. 2007இல், அவர் தொண்ணூறு வயதைத் தாண்டி நோயுற்றிருந்தபோது, நிலுவைத் தொகையாக ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் வழங்கப்பட்டது. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் வெலிங்டன் இராணுவ மருத்துவமனைக்கு நேரில் வந்து அவரைப் பார்த்தார்.

குன்னூரில்

குன்னூரில் அவர் வீட்டின் பெயர் "ஸ்தாவ்கா". ரஷ்ய மொழியில் போர்க்காலத் தலைமைக் கட்டளையகத்தைக் குறிக்கும் சொல் அது. ஒரு வீட்டுக்கு இப்படிப் பெயர் வைத்த குறும்பு அவருக்கே உரியது. தோட்ட வேலையில் விருப்பம் மிகுந்தவர். எந்தக் கல்லூரியில் தம் மீது விசாரணை வந்ததோ அதே வெலிங்டன் கல்லூரியின் இளம் அதிகாரிகளிடம் ஓய்வுக் காலத்தில் தலைமைப் பண்பு பற்றிப் பேசினார். 2001இல் மனைவி சில்லூ காலமானார்.

2008 ஜூன் 27, நள்ளிரவைத் தாண்டிய சற்று நேரத்தில், நிமோனியாவால் ஏற்பட்ட சிக்கல்களால் வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் மானேக்‌ஷா இறந்தார். வயது 94. உதகையில் இராணுவ மரியாதையுடன் அடக்கம் நடந்தது. மத்திய அரசின் சார்பில் பாதுகாப்புத் துறை இணை அமைச்சர் பல்லம் ராஜு வந்தார். பிரதமரோ பாதுகாப்பு அமைச்சரோ வரவில்லை. முப்படைத் தளபதிகளில் ஒருவரும் வரவில்லை. தேசிய துக்கமும் அறிவிக்கப்படவில்லை. இது குறித்து அப்போது பத்திரிகைகளில் கடும் விமர்சனம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 16 அன்று, வெற்றி நாளில், அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. அவர் வாழ்க்கையைச் சொல்லும் "சாம் பகதூர்" என்ற இந்தித் திரைப்படம் 2023இல் வந்தது.

உதகை–குன்னூர் சாலையில் வெலிங்டன் அருகே உள்ள பாலத்துக்கு 2009இல் மானேக்‌ஷா பாலம் என்று பெயரிடப்பட்டது. அதை ஒட்டி அவருடைய கருங்கல் சிலை நிற்கிறது. பேருந்தில் போகிறவர்கள் வளைவில் ஒரு கணம் பார்க்கலாம். கல்லறை உதகையில் பார்சிகளுக்கான இடுகாட்டில், மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கிறது.